இடதுக்கு ஒரு முடிச்சு

இறக்கைக்குள் ஒரு குழாய் ஓடுகிறது,
சுண்டுவிரல் நுழையாது.
பதினோரு அடி.
அதன் வழியே விளக்குக்குக் கம்பி போக வேண்டும்.
மூன்று நாள் தள்ளிப் பார்த்தேன்.
பாதியில் எங்கோ முட்டி
என் கைக்கே திரும்பி வளைந்தது.

நான்காம் நாள் ஓரெஸ்ட் வந்தான்,
மனைவிக்குத் தெரியாமல் தூக்கி வந்த வாக்குவம் கிளீனரோடு.
பஞ்சு உருண்டையில் தூண்டில் நரம்பைக் கட்டி
இந்த வாயில் வைத்தான், அந்த வாயில் உறிஞ்சினான்.
விர்ரென்று போனது.
"ஏரிப் பனிக்கு அடியில் துளைக்குத் துளை
முப்பது வருஷம் வலைக்கயிறு ஓட்டினவன்,
உனக்கு இது தோன்றவில்லையா?" என்றான்.
தோன்றவில்லை.
மீன் கொட்டகையில் விமானம் கட்டத் தொடங்கிய பின்
மீனையே மறந்துவிட்டேன்.

கிம்லியில் பிப்ரவரி.
முதல் பிளாஸ்டிக் மூடி துளை போடும்போதே விரிந்தது,
நட்சத்திரம் மாதிரி, நூற்றுப்பத்து டாலருக்கு.
இரண்டாவதை
குட்ரூனின் ரொட்டி அடுப்பருகே வைத்துச் சூடேற்றி
கோட்டுக்குள் குழந்தையாய் அணைத்து
முற்றம் தாண்டி ஓடினேன்.

கம்பிகள் எல்லாம் வெள்ளை.
இடதுக்கு ஒரு முடிச்சு, வலதுக்கு இரண்டு.
விளக்குகளோ ஒன்றுபோல் தெளிந்த குமிழ்கள்,
எரிந்தால்தான் நிறம் தெரியும்.
எரிந்தாலும் எனக்குத் தெரியாது.
பத்தொன்பது வயதில் டாக்டர் ஒரு புள்ளிப் புத்தகம் விரித்தார்.
ஊரெல்லாம் எண் படித்த பக்கத்தில்
எனக்குக் கிடந்தது வெறும் கூழாங்கல்.
பகலில் பற, இரவில் வேண்டாம் என்று
உரிமத்தில் ஒரு வரி.

ஆக, இந்த விளக்குகள் எனக்கில்லை.
ஐம்பத்தொன்றில் இரவுப் பறப்புத் தேர்வு எழுதினவள் அவள்.
பகலெல்லாம் தபால் நிலையத்தில் முத்திரை குத்திவிட்டு
ராத்திரி ரேடியோ எண்களை மனப்பாடம் செய்தவள்.

பொத்தானைத் தட்டினேன்.
"இடப்பக்கத்துப் பனி என்ன நிறம்?"
வெளியே கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு குட்ரூன் சொன்னாள்,
"பச்சை. எல்லாவற்றையும் கழற்று."
ஓரெஸ்ட் வலப்பக்கம் நின்று,
"இங்கே யாரோ பீட்ரூட் சூப்பைக் கொட்டியிருக்கிறார்கள்" என்றான்.
முடிச்சுகள் சரி. விளக்கைத்தான் மாற்றிப் பூட்டியிருந்தேன்.
எட்டுத் திருகாணி, மரத்துப்போன விரல்,
ஒன்று பனியில் விழுந்து
மே மாதம் கிடைத்தது.

அதே மே மாதம் ஏரி உடைந்தது.
இருட்டிய பின் அவள் ஏறினாள்.
புல் ஓடுபாதை ஓரம் நானும் ஓரெஸ்டும்,
கொசுக்களும்.
வால் விளக்கின் வெள்ளை மட்டும் தெரிந்தது:
போகிறாள்.
அது எனக்கும் தெரியும்.

பிறகு தண்ணீருக்கு மேல் ஒரு புள்ளி
பக்கவாட்டில் நின்றது.
எனக்கு அது பழைய தேநீரின் நிறம்.
"எந்தப் பக்கம் போகிறாள்?" ஓரெஸ்ட் கேட்டான்.
"நிறத்தைச் சொல்."
"சிவப்பு."
"அப்படியென்றால் இடது கையை நமக்குக் காட்டுகிறாள். வடக்கே."
அவனுக்குக் கண் உண்டு, கணக்குத் தெரியாது.
எனக்குக் கணக்கு மட்டும்.
இரண்டு கிழவர்கள் சேர்ந்து
ஒரு பெண் போகும் திசையைக் கண்டுபிடித்தோம்.

நெடுநேரம் வடக்கு.
ஓரெஸ்ட் சிகரெட் பற்றவைத்தான், அதுவும் தேநீர் நிறம்.
"இப்போது?"
"இன்னும் சிவப்பு."
"இப்போது?"
"இரு, கண்ணில் புகை."

பேசி வைத்திருந்தோம் நானும் அவளும்:
வீட்டுப் பக்கம் மூக்கைத் திருப்பியதும்
இறங்கு விளக்கைப் போட வேண்டும்,
இறங்க இன்னும் பத்து மைல் இருந்தாலும்.
பேட்டரி வீண் என்று முணுமுணுத்தாள்.
ஆனாலும் போட்டாள்.

"பச்சை" என்றான் ஓரெஸ்ட்.
நான் அதற்கு முன்பே
புல்லில் நடக்கத் தொடங்கியிருந்தேன்.